வெள்ளாவியும் வெள்ளையர் சட்டமும்

ஓர் ஊரின் வரைபடத்தை மேசைமீது விரித்து வைத்துக்கொண்டு, வண்ணக்கோலால் கோடு கிழிப்பது எளிது. இந்தப் பக்கம் குடியிருப்பு. அந்தப் பக்கம் கடைத்தெரு. அதற்கும் அப்பால் ஆலைகள். குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிற்சாலைக்கு ஊதா. பார்க்க அழகாகத்தான் இருக்கும்! ஆனால் காகிதத்தில் கிழித்த கோடு காகிதத்தோடு நின்றுவிடுவதில்லை. அது தெருவுக்கு இறங்கி வருகிறது, வாயிற்படி ஏறுகிறது, வீட்டுக்குள்ளே நுழைகிறது. முன்கூடத்திலே ஒரு கண்ணாடியும் ஒரு நாற்காலியும் போட்டு முடி திருத்திப் பிழைப்பவனைப் பார்த்து, "இது குடியிருப்பு மண்டலம், இங்கே இந்தத் தொழில் கூடாது" என்று உறுமுகிறது. அதே தெருவில், அடுத்த வீட்டு வாயிலில் மருத்துவரின் பெயர்ப்பலகை தொங்குகிறது. திண்ணை நிறைய நோயாளிகள் காத்திருக்கின்றனர். அங்கே அந்தக் கோடு வாய் திறப்பதில்லை.

ஏன்? அவனும் வீட்டிலே இருந்துதான் தொழில் செய்கிறான். இவரும் வீட்டிலே இருந்துதான் தொழில் செய்கிறார். ஒருவருக்குத் தடை, மற்றவருக்கு விடை — எந்த நியாயத்தின்படி?

இது கற்பனைத் தெரு அன்று. அமெரிக்க நாட்டின் மாபெரும் நகரமான நியூயார்க்கிலே, 1961 முதல் 2024 வரை, அறுபத்து மூன்று ஆண்டுகள் நடைமுறையில் இருந்த விதி இது. உரிமைக்கு உருவம் வைத்து ஊரறிய நிறுத்திய நகரத்திலேதான் இந்த ஓரவஞ்சனை! இதன் வேர் எங்கே என்று தோண்டிப் பார்த்தால், அந்நாட்டின் மேற்குக் கரையிலே, வெந்நீரும் சவுக்காரமும் மணக்கும் சலவைக்கடை ஒன்றிலே கொண்டுபோய் நிறுத்துகிறது வரலாறு. வகுப்பறையிலே நாம் அமெரிக்க வரலாறு கற்பிக்கிறோம். வாஷிங்டன் வருகிறார், லிங்கன் வருகிறார். சலவைக்காரர் வருவதில்லை. வரவேண்டியவர் அவர். அவர் கதையை இங்கே சொல்கிறேன்.

வீடும் தொழிலும் ஒன்றாய் இருந்த காலம்

தொழில் ஓரிடம், வீடு வேறிடம் என்பது மனித வரலாற்றிலே நேற்றுப் பிறந்த வழக்கம். நம் காஞ்சிபுரத்து நெசவாளிக்கு வீடு எது, தறிக்கூடம் எது? குழித்தறி வீட்டுக்கு நடுவிலேதான் இருக்கிறது. கணவன் நெய்ய, மனைவி நூல் சுற்ற, பிள்ளை ஊடை எடுத்துக் கொடுக்க, குடும்பமே தறியைச் சுற்றித்தான் வாழ்ந்தது. பிரெஞ்சு நாட்டு லியோன் நகரிலே பட்டு நெசவாளர் வீடுகள், ஜக்கார்டு தறியின் உயரத்துக்கு ஏற்ப உயர்ந்த கூரையோடு கட்டப்பட்டன. அங்கே மனிதனுக்காகத் தறி இடம் கேட்கவில்லை. தறிக்காக வீடே வளர்ந்தது!

நீராவி வந்தது, நிலை மாறிற்று. ஆலைப் புகையும், தோல் பதனிடும் நாற்றமும், இரசாயனக் கழிவும் குடியிருப்பைச் சூழ்ந்தபோது, 'இவற்றைத் தள்ளி வையுங்கள்' என்று மக்கள் கேட்டது முறையே. 1810ஆம் ஆண்டு அக்டோபர் 15இல் நெப்போலியன் ஆட்சி ஓர் ஆணை பிறப்பித்தது. ஆலைகளை அது மூன்று வகையாகப் பிரித்தது: வீடுகளுக்குத் தொலைவிலேயே இருக்கவேண்டியவை, தக்க பாதுகாப்புச் செய்துகொண்டால் அருகிலே இருக்கத்தக்கவை, தீங்கின்றி வீடுகளின் பக்கத்திலேயே இருக்கத்தக்கவை. இந்த ஆணையிலே கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. 'தொழில் செய்பவன் யார்' என்று அது கேட்கவில்லை. 'தொழிலால் விளையும் தீங்கு எவ்வளவு' என்றுதான் கேட்டது. அளவுகோல் தீங்கு! இதை நினைவில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னால் வந்தவர்கள் இந்த அளவுகோலை எங்கே தொலைத்தார்கள் என்பதுதான் நம் கதை.

பொன் விளைந்த ஊரும் அழுக்கு வெளுத்த கைகளும்

1848இல் கலிபோர்னியாவிலே தங்கம் கிடைத்தது. உலகின் நாலா பக்கத்திலிருந்தும் ஆடவர் கூட்டம் சான்பிரான்சிஸ்கோவில் வந்து குவிந்தது. தங்கம் தோண்ட ஆள் இருந்தது. துணி வெளுக்க ஆள் இல்லை! வெளுப்பது பெண்கள் வேலை என்று ஆண்மை பேசிய வெள்ளையர், அழுக்குச் சட்டைகளை மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றி ஹோனலூலுவுக்கும் சீனத்துக்கும் அனுப்பி வெளுத்து வாங்கிய விந்தையும் நடந்தது.

அந்த வேலையை எடுத்துக்கொண்டவர்கள் சீனர்கள். சுரங்கத்திலே அவர்கள்மீது தனி வரி. பல தொழில்களிலே கதவடைப்பு. மலையைக் குடைந்து மேற்குப் பகுதிக்கு இருப்புப்பாதை போட்டவர்களும் அவர்களே. 1869இல் பாதை முடிந்ததும் வேலையின்றி நின்றவர்களும் அவர்களே. மற்றவர் இழிவென ஒதுக்கிய வேலையை அவர்கள் ஏற்றனர். பலருக்குச் சலவைக்கடையே வீடு. முன்னாலே துணி வாங்கும் பலகை; உள்ளே கொதிக்கும் அண்டா; துணிக்குப் பெட்டி போட்ட மேசைக்கு அருகிலேயே இரவில் படுக்கை. வாழ்வும் வேலையும் ஒரே கூரையின் கீழ்.

இழிந்த வேலை என்று ஒதுக்கினார்கள். ஒதுக்கியதை எடுத்துச் செய்து ஒருவன் நிமிர்ந்தானா? உடனே பொறாமை! இந்தப் போக்கு நமக்குப் புதிதா? வெளுப்பவனும் வேண்டும்; ஆனால் அவன் நம் தெருவிலே இருக்கக் கூடாது; நிமிர்ந்து நடக்கக் கூடாது! கடல் கடந்த நாட்டிலும் இந்தக் குணம் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கிறது.

1870களிலே நகர ஆட்சி ஒரு வரி விதித்தது. துணி எடுத்துச் செல்ல ஒற்றைக் குதிரை வண்டி வைத்திருக்கும் சலவைக்கடைக்கு மூன்று மாதத்துக்கு 2 டாலர். வண்டியே இல்லாமல் தோளிலே சுமந்து செல்பவனுக்கு 15 டாலர்! வண்டி வைத்திருப்பவன் வெள்ளையன். தோளில் சுமப்பவன் சீனன். சட்டத்திலே 'சீனன்' என்ற சொல் எங்கேயாவது இருக்கிறதா? இல்லை. தேவையில்லை! இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை வெளுக்கவும் பெட்டி போடவும் கூடாது என்று மற்றொரு விதி. 1885இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அவ்விதி செல்லும் என்றது. எல்லாருக்கும் பொதுவான விதிதானே என்பது மன்றத்தின் வாதம்.

320 கடைகளும் ஒரு வழக்கும்

1880இல் சான்பிரான்சிஸ்கோ நகர மேற்பார்வையாளர் குழு புது விதி ஒன்றைச் செய்தது. செங்கல், கருங்கல் கட்டடத்தில் சலவைக்கடை வைத்தால் தொல்லையில்லை. மரக் கட்டடத்தில் வைப்பதானால் குழுவின் இசைவு வேண்டும். தீ அச்சத்துக்காக இந்த விதி என்றார்கள். கேட்பவர் தலையசைப்பார்கள், மரம் தீப்பற்றும் அல்லவா?

ஆனால் கணக்கைப் பாருங்கள். நகரில் இருந்த சலவைக்கடைகள் ஏறத்தாழ 320. அவற்றுள் 310 மரக் கட்டடங்கள். நகரத்து வீடுகளிலேயே பத்தில் ஒன்பது மரவீடுகள்தாம்! 240 கடைகள் சீனருடையவை. சீனர் இருநூறு பேர் இசைவு கேட்டு விண்ணப்பித்தனர். எத்தனை பேருக்குக் கிடைத்தது? ஒருவருக்கும் இல்லை. சீனர் அல்லாதார் எண்பது பேர் அளவில் விண்ணப்பித்தனர். எத்தனை பேருக்கு மறுக்கப்பட்டது? ஒரே ஒருவருக்கு! மரம் என்னவோ ஒரே மரம்தான். சீனன் வீட்டு மரம் மட்டும் தீப்பற்றும், வெள்ளையன் வீட்டு மரம் பற்றாது என்ற புதிய இயற்பியலை அந்த நகரத்துப் பெருமக்கள் கண்டுபிடித்தார்கள் போலும்!

அங்கே 22 ஆண்டுகளாக ஒரே கட்டடத்தில் சலவைக்கடை நடத்தி வந்தார் ஒருவர். வழக்கேடுகளில் அவர் பெயர் யிக் வோ. அது அவருடைய கடையின் பெயர், அவர் பெயரே அன்று என்று ஆராய்ந்தோர் கூறுவர். தீத்தடுப்பு அலுவலர் அவருடைய அடுப்பையும் புகைபோக்கியையும் பார்த்து நற்சான்று தந்திருந்தனர். சுகாதார அலுவலரும் கழிவுநீர்ப் போக்கைப் பார்த்து நற்சான்று தந்திருந்தார். தீங்கு இல்லை என்று சொல்லவேண்டியவர்கள் சொல்லிவிட்டனர். ஆனாலும் இசைவு மறுக்கப்பட்டது. கடையை மூடவில்லை அவர். கைது செய்தனர், 10 டாலர் தண்டம் விதித்தனர், கட்ட மறுத்ததால் டாலருக்கு ஒரு நாள் வீதம் பத்து நாள் சிறை. அவரைப்போலக் கைதான சீனர் நூற்றைம்பது பேருக்கு மேல்.

இங்கேதான் நாம் கற்கவேண்டிய பாடம் இருக்கிறது. வாக்குரிமை இல்லை, குடியுரிமை பெறவே வழியில்லை, 1882இல் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வருவதையே தடுத்துச் சட்டம் போட்டுவிட்டனர். அத்தகைய மக்கள் அழுதுகொண்டு மூலையில் அமரவில்லை. சலவைத் தொழிலாளர் தம் சங்கத்தின் வழியே பணம் திரட்டினர், வழக்கறிஞரை அமர்த்தினர், நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றனர்.

1886ஆம் ஆண்டு மே 10இல் தீர்ப்பு வந்தது. நீதிபதி மாத்யூஸ் எழுதினார். அத்தனை நீதிபதிகளும் ஒருமித்து ஏற்றனர். சட்டத்தின் முகம் நடுநிலையாக இருந்தால் மட்டும் போதாது. அதைச் செயற்படுத்தும் கை ஓரவஞ்சனை செய்தால், அந்தச் சட்டம் சமத்துவத்தை மறுப்பதே ஆகும் என்பது தீர்ப்பின் சாரம். அரசியல் சட்டத்தின் பதினான்காம் திருத்தம் 'குடிமகன்' என்று மட்டும் சொல்லவில்லை, 'எந்த மனிதனும்' என்று சொல்கிறது. ஆகவே சீனனுக்கும் சமபாதுகாப்பு உண்டு என்றது மன்றம். யிக் வோ விடுதலை பெற்றார்.

அந்தத் தீர்ப்பின் ஒலி நம் நாட்டிலும் கேட்டது. 1952இல், குடியரசு பிறந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தபோது, சட்டத்தின்முன் சமத்துவம் என்பதன் பொருளை நம் உச்ச நீதிமன்றம் அன்வர் அலி சர்க்கார் வழக்கில் ஆராய்ந்தது. அப்போது நீதிபதிகள் எடுத்துப் பேசிய வழக்குகளுள் யிக் வோ வழக்கும் ஒன்று. துணி வெளுத்தவர் தொடுத்த வழக்கு, தொலைதூர நாட்டின் நீதிக்கும் துணை நின்றது!

கோடு கிழிக்கக் கற்றுக்கொண்டார்கள்

கதை இங்கே முடிந்திருந்தால் கைதட்டிவிட்டுக் கலைந்துவிடலாம். முடியவில்லை.

கலிபோர்னியாவிலேயே மொடெஸ்டோ என்றோர் ஊர். அங்கே 1885இல் மற்றொரு முறையைக் கையாண்டனர். இசைவு, விண்ணப்பம் என்ற பேச்சே இல்லை. இருப்புப்பாதைக்கு மேற்கே, 'ஜி' தெருவுக்குத் தெற்கே அமைந்த பகுதியில் மட்டுமே சலவைக்கடை இருக்கலாம். ஊரின் வேறெங்கும் கூடாது என்று விதித்தனர். அந்த மூலை எது தெரியுமா? சீனர் வாழ்ந்த மூலை! ஆக, சலவைக்காரன் அந்த மூலையை விட்டு வெளியே வரவே முடியாது. 1886இல், யிக் வோ வென்ற அதே ஆண்டில், ஹாங் கீ என்ற சீனரின் வழக்கிலே கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் இந்த விதி செல்லும் என்றது. 'ஆளைப் பார்த்து இசைவு மறுத்தால்தானே குற்றம்? நாங்கள் ஆளைப் பார்க்கவில்லை, இடத்தைத்தானே பார்க்கிறோம்!' — இதுவே புதிய தந்திரம். அமெரிக்க மண்டல விதிகளின் வரலாற்றை எழுதுவோர் பலர், முதல் விதிகளுள் ஒன்றாக மொடெஸ்டோவின் இந்த விதியைத்தான் குறிப்பிடுகின்றனர்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1908இல் குடியிருப்பு மண்டலங்களை வகுத்தது. குவாங் வோ என்ற சலவைக்காரர் அந்த விதியை எதிர்த்தார், 1911இல் தோற்றார். 1910இல் பால்டிமோர் நகரம் வெளிப்படையாகவே கறுப்பர் தெரு, வெள்ளையர் தெரு என்று பிரித்தது. லூயிவில் நகரமும் அவ்வாறே செய்தது. 1917இல் உச்ச நீதிமன்றம் நிறத்தைச் சொல்லித் தெரு பிரிப்பது செல்லாது என்றது. நிறத்தைச் சொல்லக் கூடாதா? சரி, தொழிலைச் சொல்வோம். மனையின் பரப்பைச் சொல்வோம். அடுக்குவீட்டைச் சொல்வோம் என்று புறப்பட்டனர்.

நியூயார்க்கிலே ஐந்தாம் நிழற்சாலையில் ஆடம்பரக் கடைகள் இருந்தன. அருகிலே ஆடை தைக்கும் கூடங்கள் பெருகின. நண்பகலில் யூதத் தொழிலாளரும் இத்தாலியத் தொழிலாளரும் உணவு இடைவேளையிலே நடைபாதைக்கு வந்து நின்றனர். அந்த ஏழை முகங்களைக் கண்டு சீமாட்டிகள் கடைக்கு வரத் தயங்குகிறார்கள் என்று வணிகர் முறையிட்டனர். 1916இல் அந்நகரம் முழுமையான மண்டல விதியை இயற்றியதற்குக் காரணங்கள் பல. வெளிச்சத்தையும் காற்றையும் மறைத்த வானளாவிகள் ஒரு காரணம். இந்த முறையீடும் ஒரு காரணம். தைத்த சட்டை வேண்டும். தைத்தவன் முகம் வேண்டாம்!

கிளீவ்லாந்துக்கு அருகே யூக்ளிட் என்ற சிற்றூர் 1922இல் விதி செய்தது. நிலவுடைமை நிறுவனம் ஒன்று வழக்குத் தொடுத்தது. 1924இல் கீழ்மன்ற நீதிபதி வெஸ்டன்ஹேவர் உண்மையை உடைத்துச் சொன்னார்: இந்த விதியின் விளைவு மக்களை வருவாய்க்கும் வாழ்க்கைநிலைக்கும் தக்கபடி பிரித்து வைப்பதே என்றார். 1926இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மண்டல விதி செல்லும் என்றது. தனிவீட்டுப் பகுதியிலே எழும் அடுக்குவீட்டை ஒட்டுண்ணி என்று வருணித்தது. அதன்பின் ஊர்தோறும் கோடு கிழிக்கும் வேலை விரைந்து நடந்தது.

'வழக்கம்' என்ற வேலி

இப்போது வீட்டுக்குள்ளே வருவோம். குடியிருப்பு மண்டலத்தில் தொழிலே கூடாது என்றால், வீட்டிலே நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் என்ன செய்வார்? விதி செய்தவர்கள் அதற்கு ஒரு வழி கண்டனர். 'வீட்டில் வழக்கமாகச் செய்யப்படும் தொழில்கள்' கூடும் என்று எழுதிவைத்தனர். வழக்கம்! பகுத்தறிவாளர் காதில் இந்தச் சொல் விழுந்தாலே விழிப்புத் தோன்றவேண்டும். யாருடைய வழக்கம்? எந்நாளைய வழக்கம்? யார் எழுதிய வழக்கம்?

நியூயார்க்கின் 1961ஆம் ஆண்டு விதியைப் பாருங்கள். வீட்டின் பரப்பில் நாலில் ஒரு பங்கு, அதுவும் 500 சதுர அடிக்கு மேற்படாமல், தொழிலுக்குப் பயன்படுத்தலாம். ஓவியர் கூடம் வைக்கலாம். படித்த தொழிலாளர் அலுவலகம் வைக்கலாம். ஆசிரியர் பாடம் சொல்லலாம். ஒரு நேரத்தில் நான்கு மாணவருக்கு மேல் கூடாது. இசை ஆசிரியரானால் ஒரே மாணவர்தான். இதுவரை சரி, ஓசையைக் கருதி வைத்தார்கள் என்று கொள்ளலாம். ஆனால், கூடாத தொழில்கள் என்று ஒரு பட்டியல்: முடிதிருத்தும் நிலையம் கூடாது, அழகு நிலையம் கூடாது, வீட்டு உள்ளலங்காரம் செய்பவர் அலுவலகம் கூடாது, விளம்பர நிறுவனம் கூடாது, பங்குத் தரகர், காப்பீட்டு அலுவலகம், கால்நடை மருத்துவம் கூடாது.

பட்டியலில் பணக்காரத் தரகரும் இருக்கிறாரே என்பீர்கள். ஆம், இருக்கிறார். அவருக்கு வேறிடத்தில் அலுவலகம் எடுக்கப் பணம் உண்டு. முடி திருத்துபவருக்கு உண்டா? தடை இருவருக்கும் ஒன்று, சுமை ஒன்றன்று. மேலும், மருத்துவர் வீட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவர்? ஒற்றை நாற்காலி போட்டவரிடம் எத்தனை பேர் வருவர்? நெரிசல்தான் காரணமென்றால் தடை யார்மீது விழவேண்டும்? கத்தரிக்கோலின் ஓசை தெருவை எழுப்புமா? ஒரு பெண் தன் வீட்டு அறையில் மற்றொரு பெண்ணுக்குத் தலைவாரிவிட்டால் அண்டை வீட்டுச் சுவர் இடிந்து விழுமா? தீங்கை அளந்து எழுதிய பட்டியல் அன்று இது. மதிப்பை அளந்து எழுதிய பட்டியல். 'இந்தத் தொழில் நம் தெருவுக்குத் தகும்; அந்தத் தொழில் தகாது' என்ற மனப்பான்மையின் மறுபெயர்தான் வழக்கம்.

துணி வெளுப்பவர் அங்கே. முடி திருத்துபவர் இங்கே. கோடு எங்கே கிழிக்கப்பட்டாலும், அதன் அப்பக்கத்திலே நிற்கவைக்கப்படுபவர்கள் யார் என்று பாருங்கள். நம் ஊர்களுக்கு இது பாடம் சொல்லத் தேவையில்லை. எந்த நகரமைப்புச் சட்டமும் பிறப்பதற்கு முன்பே அக்கிரகாரம் ஒரு மண்டலம், சேரி ஒரு மண்டலம் என்று பிரித்து, வரைபடமே இல்லாமல் வகுத்துவைத்த நாடல்லவா நம் நாடு!

நாணயத்தின் மறுபுறம்

அப்படியானால் விதியே வேண்டாம், யாரும் எதையும் வீட்டிலே செய்யலாம் என்று சொல்லிவிடலாமா? அவசரப்படக் கூடாது. அதற்கும் வரலாறு விடை வைத்திருக்கிறது.

1880களிலே நியூயார்க்கின் ஏழை அடுக்குவீடுகளில் குடியேறிய மக்கள் வீட்டிலேயே சுருட்டுச் சுற்றினர். கட்டடமும் முதலாளியுடையது, சுருட்டும் முதலாளியுடையது. வாடகையும் அவனுக்கு, உழைப்பும் அவனுக்கு! உண்ணும் இடத்தில் புகையிலை. உறங்கும் இடத்தில் புகையிலை. குழந்தையின் படுக்கைக்குப் பக்கத்தில் புகையிலை. சுருட்டுத் தொழிலாளர் சங்கத் தலைவர் சாமுவேல் கோம்பர்ஸ், இளம் சட்டமன்ற உறுப்பினராயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டை அந்த அறைகளுக்கு அழைத்துச் சென்று காட்டினார். எதிர்ப்போடு சென்றவர் மனம் மாறித் திரும்பினார். 1884இல் அடுக்குவீடுகளில் சுருட்டுச் செய்வதைத் தடுக்கும் சட்டம் வந்தது.

1885இல் நியூயார்க் மேல்முறையீட்டு மன்றம் அதை அடித்து வீழ்த்தியது. என்ன காரணம் சொல்லி? தொழிலாளியை அவன் வீட்டின் தூய சூழலிலிருந்து பிரிக்கலாமா, அவன் சுதந்திரத்தைப் பறிக்கலாமா என்று! புகையிலைத் தூளை மூச்சாய் இழுக்கும் குழந்தைக்குச் சுதந்திரம் என்ற பெயரிலே தீர்ப்பு! அங்கே 'வீடு' என்ற சொல் ஏழைக்குக் கேடயமாகவில்லை, முதலாளிக்குத் திரையாயிற்று. சட்டம் சாய்ந்தபின் சங்கம் வேலைநிறுத்தங்களாலேதான் அந்த முறையை இலாபமற்றதாக்கி ஒழித்தது.

சுருட்டின் கதை நம் பீடியின் கதையும் ஆகும். திருநெல்வேலிப் பக்கத்திலே எத்தனை வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகின்றனர்! 1966இல் இயற்றப்பட்ட பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டுவேலையை ஒரேயடியாகத் தடுத்துவிடவில்லை. வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளர் என்று ஏற்றது. 1974இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. தடுப்பதைவிட, ஏற்று உரிமை தருவது நல்வழி என்பதற்கு அது சான்று. 1996இல் ஜெனிவாவிலே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வீட்டுத் தொழிலாளருக்கென்றே ஓர் உடன்படிக்கை செய்தபோது, அதே கருத்தைத்தான் உலகுக்கு முன் வைத்தது.

ஆனால் எல்லாத் தொழிலும் வீட்டுக்கு வரலாமா? சிவகாசிச் சுற்றுப்புறங்களில் வீட்டுக்குள்ளே திருட்டுத்தனமாகப் பட்டாசு செய்து, வெடித்து, குடும்பத்தோடு மடிந்தவர் செய்தியைப் படிக்கும்போது நெஞ்சு பதறுகிறது. அங்கே தடை வேண்டும், கடுமையாகவே வேண்டும். ஏனென்றால் அங்கே தீங்கு கண்கூடு. நெப்போலியன் ஆணையின் அளவுகோல் இங்கே மீண்டும் வந்து நிற்கிறது. வெடிமருந்தையும் கத்தரிக்கோலையும் ஒரே கோட்டால் தடுப்பது அறிவுடைமை ஆகாது.

கோடு அழிகிறது

2020இல் கொரோனாத் தொற்று உலகை வீட்டுக்குள்ளே அடைத்தது. கணினி முன் அமரும் கனவான்களின் வீடுகளெல்லாம் ஒரே நாளில் அலுவலகங்களாயின. வீட்டிலே தொழில் நடந்தால் தெருவின் மாண்பு கெட்டுவிடும் என்ற பழைய பல்லவி அன்றைக்குக் கேட்கவில்லை! வசதியுள்ளவனுக்குத் தேவை வந்தபோது விதி வளைந்து கொடுத்தது.

மாற்றம் அதற்கு முன்பே அரும்பியிருந்தது. கலிபோர்னியா 2012இல் சட்டம் செய்து, வீட்டு அடுக்களையில் செய்யும் ரொட்டி, பழப்பாகு போன்ற கெடாத பண்டங்களை விற்க வழி திறந்தது. நியூஜெர்சியில் வீட்டில் சுட்ட பண்டங்களை விற்க 2021இலேதான் வழி பிறந்தது. இசைக்குப் பெயர்போன நாஷ்வில் நகரில், வீட்டுத் தொழிலுக்கு வாடிக்கையாளர் ஒருவர்கூட வரக் கூடாது என்றிருந்த தடையை, வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே 2020இல் தளர்த்தினர்; நாளுக்கு ஆறு பேர் வரலாம் என்றனர். 2021இல் புளோரிடா மாநிலம் வீட்டுத் தொழில்களைத் தடுக்கும் நகராட்சிகளின் அதிகாரத்தைக் குறைத்தது. 2024 ஜூன் மாதம் நியூயார்க் நகர மன்றம், 1961ஆம் ஆண்டுப் பட்டியலைக் கைவிட்டது. வீட்டுப் பரப்பில் 49 விழுக்காடு வரை தொழிலுக்குப் பயன்படலாம்; மூவர் வரை வேலைக்கு வைக்கலாம் என்று விதி மாறிற்று. முடி திருத்துபவரின் நாற்காலி அறுபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் வீட்டுக்குள்ளே வரப்பெற்றது!

இளைஞர் செய்யவேண்டியது

நம் மாநிலத்துக்கும் இந்தக் கோடுகள் புதியவை அல்ல. 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. 1971இல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. நகரங்களுக்கு முழுமைத் திட்டம் வகுக்கும்போது, அதை ஊரறிய வெளியிட்டு, மக்களின் மறுப்புரைகளையும் கருத்துகளையும் கேட்கவேண்டும் என்பது 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டளை. கேட்கிறார்கள், சொல்வார் யார்? மனை விற்பவன் சொல்கிறான். மாடி கட்டுபவன் சொல்கிறான். வீட்டுத் திண்ணையிலே இஸ்திரிப் பெட்டியோடு நிற்பவனுக்கு, அப்படி ஒரு வரைபடம் தொங்குகிறது என்பதே தெரிவதில்லை.

படித்த இளைஞனுக்கு அங்கே வேலை இருக்கிறது. ஊரின் திட்டம் வெளிவரும்போது போய்ப் பாருங்கள். மஞ்சள் எங்கே, நீலம் எங்கே என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். இந்தத் தடையால் தவிர்க்கப்படும் தீங்கு என்ன என்று கேளுங்கள்: புகையா, ஓசையா, நஞ்சா, நெருப்பா? பெயர் சொல்லி, அளவு சொல்லி அவர்கள் விடை தரவேண்டும். 'வழக்கம்' என்பது விடை ஆகாது. அடுத்து, இசைவு தரும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, எந்த நெறிப்படி அவர் தருவார் என்று கேளுங்கள். நெறி எழுதப்படாத இடத்திலே சான்பிரான்சிஸ்கோவின் 200 விண்ணப்பங்கள் நினைவுக்கு வரட்டும். கடைசியாக, கோட்டுக்கு அப்பால் தள்ளப்படுபவர் பெயர்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். ஒரே தொழிலினரும் ஒரே வகுப்பினரும் மீண்டும் மீண்டும் அந்த வரிசையில் வருவார்களானால், மறுப்புரை எழுத வேறு சான்று தேவையில்லை. எழுதுங்கள், எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள், சங்கமாய்ச் சேர்ந்து கையொப்பமிட்டுக் கொடுங்கள்.

வாக்குரிமை இல்லாத சலவைத் தொழிலாளர், அயல்மொழி பேசிய நாட்டிலே, காசு காசாகச் சேர்த்து உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டித் திறந்தனர். வாக்குரிமை இருக்கிறது நமக்கு, தாய்மொழியிலே மனு எழுதும் உரிமை இருக்கிறது, எழுத்தறிவும் இருக்கிறது. இத்தனையும் இருந்தும் நாம் வாளாவிருந்தால், கோடு கிழிப்பவன் கையை யார்தான் பிடிப்பது?